எர்லி ஆக்சஸ்: வெள்ளோட்டமா, எச்சமா?

அனைவருக்கும் வணக்கம்.
வியாழக்கிழமை மாணவர்களுக்கு மதிப்பீட்டுத் தாள் கொடுக்க வேண்டும். முடியாத கதைவிளையாட்டின் எழுத்தை எப்படி எடைபோடுவது என்பது பாடம். எடுத்துக்கொண்டது பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு. 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் விற்றார்கள். முழு ஆட்டம் 2023 ஆகஸ்டில்தான் வந்தது. முடியுமுன்பே விற்கும் இந்த இடைநிலைக்கு, அதாவது எர்லி ஆக்சஸுக்கு, தமிழில் 'முன்னணுக்கம்' என்று போட்டேன். "முன்னணி நடிகர் மாதிரியா சார்?" என்கிறாள் ஒரு மாணவி. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.
— இரா.

அணுக்கம் நெருக்கமல்லவா? அணுக்கத் தொண்டர் என்கிறோமே. வெள்ளோட்டம் இருக்கப் புதுச்சொல் எதற்கு? தேருக்கும் கப்பலுக்கும் ஓட்டியதை ஆட்டத்துக்கும் ஓட்டலாம். வெள் என்றால் வெறுமை. வெள்ளறிவு என்பதைப் பாருங்கள். "வெண்மை எனப்படுவது யாதெனின்" என்று குறள் கேட்பதும் நிறத்தை இல்லை. இதிலிருந்து வெளி, வெள்ளம் வரை போகலாம். நேரமிருந்தால் நாளை எழுதுகிறேன்.
— ந.

ஐயா, வெள்ளம் வேண்டாம். வெள்ளோட்டத் தேரில் சாமி இருக்காது, யாரும் காசும் கேட்கமாட்டார்கள். இவர்கள் முழு விலை 60 டாலர் வாங்கிக்கொண்டல்லவா ஓட்டினார்கள்!
— கு.

'எச்சம்' என்று வையுங்கள். "நான் நேற்று வந்து..." என்று ஒருவர் நிறுத்தினால் நாம் "ம், வந்து?" என்போம். வினையெச்சம் முற்றுக்கு ஏங்குகிறது. முடியாத கதையை எடைபோடவும் அதுதான் வழி. முடிவு நல்லதா என்று கேட்க முடியாது, "அப்புறம்?" என்று கேட்க வைக்கிறதா என்று பார்க்கலாம். தக்கார் தகவிலர் என்பதே எச்சத்தால்தானே தெரியும்!
— செ.

செ. அக்கா, தலைப்பில் எச்சம் என்று போட்டால் பின்வரிசைப் பையன்கள் காக்காயைத்தான் நினைப்பார்கள். கருத்து மட்டும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் வில் என்றொரு பாத்திரம் (அம்பு வில் இல்லை). முழு ஆட்டம் வருவதற்குள் அவன் பின்கதையைப் பெருமளவு மாற்றி எழுதினார்கள், குரல் கொடுத்தவரையும் மாற்றினார்கள். 2020இல் அவனைப் பாராட்டியோ திட்டியோ எழுதிய மதிப்புரை இப்போது யாரைப் பற்றியது? அதனால் உரையாடலுக்கும் காட்சிக்கும் மதிப்பெண் வைத்துவிட்டு, பாத்திர வளர்ச்சிக் கட்டத்தில் மதிப்பெண் இல்லாமல் கோடு போட்டுவிட்டேன்.
— இரா.

கல்கி 1954இல் மறைந்தபோது அவருடைய அமரதாரா நாவல் பாதியில் நின்றது. மகள் ஆனந்திதான் முடித்தார். அப்பா எங்கே நிறுத்தினார், மகள் எங்கே தொடங்கினார் என்று தேடித்தேடிப் படித்ததில் எனக்குக் கதையே மனதில் நிற்கவில்லை. (தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.)
— கு.

விலகவில்லை தம்பி. அதற்கும் பெயர் எச்சம்தான்.
— செ.

சரி, அச்சகத்துக்காரர் இருமுறை கூப்பிட்டுவிட்டார். வெள்ளோட்டத்துக்கு நான்கு பேர், எச்சத்துக்கு இரண்டு பேர். கு. சொன்ன காசு விஷயம் உறுத்துவதால் இரண்டையும் விட்டு 'முற்றாப் பதிப்பு' என்று அனுப்பிவிட்டேன். ந. ஐயா கோபிக்க வேண்டாம்.
— இரா.

கோபமில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். வெள்ளம் பற்றிய மடல் தனியாக வரும்.
— ந.

'முற்றா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எனக்கு மகிழ்ச்சியே.
— செ.