அலுமாரித் தட்டை இருக்கிற சாமானாலேயே மாத்துறது எப்பிடி?

கேள்வி (கிளிநொச்சி):
3 அடி அகலத் தட்டு. குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, பனையோலைப் பெட்டிகள், படங்கள் எல்லாம் ஒரே வரிசையில நெருங்கிக் கிடக்கு. ஒண்டும் வாங்காமல் என்ன செய்யலாம்?

பதில் (முள்ளியவளை):
முதல்ல எல்லாத்தையும் இறக்குங்கோ அக்கா. இருந்தபடி நகர்த்தினால் பழைய வரிசைதான் திரும்பி வரும். விளக்கை நடுவில வைக்காமல் ஓரத்திலயிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கோ. படத்தைப் பின்னால சாய்ச்சு, முன்னால சின்னப் பெட்டி. தட்டில மூண்டிலொரு பங்கு வெறுமையா இருக்கவேணும், அதுதான் முக்கியம். மிச்சத்தை எடுத்து வைச்சுப் பொங்கலுக்கு மாத்துங்கோ.

பதில் (வவுனியா):
செம்பைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, உடனே கழுவித் துடையுங்கோ. ஈரம் நிண்டால் புள்ளி விழும். வார்னிஷ் பூசின பித்தளைக்குப் புளி வேண்டாம், பூச்சு திட்டுத்திட்டா உரியும்.

பதில் (மாங்குளம்):
ஓலைப் பெட்டியைச் சுவரோட ஒட்டாதேங்கோ. மாரியில சுவர் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் காணும்.