கான்கியூபிஸன்ஸ் என்றால் வெறும் காமம்தானா?

கேள்வி:
1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் ரோமர் 7:8 படித்துக்கொண்டிருந்தேன், 'கான்கியூபிஸன்ஸ்' என்று ஒரு சொல். அகராதியில் 'காமம், சிற்றின்ப வேட்கை' என்று போட்டிருக்கிறது. ஆனால் ரோமர் நிருபத்தை எழுதிய பவுல் அங்கே பேசுவது 'இச்சியாதிருப்பாயாக' என்ற கட்டளையைப் பற்றி. அந்தக் கட்டளையில் பிறன் மனைவி மட்டும் இல்லை, வீடு, எருது, கழுதை எல்லாம் வருகிறது. எருதுக்கும் கழுதைக்கும் காமம் என்ற சொல் பொருந்தவில்லையே? இது எங்கிருந்து வந்த சொல்?

பதில் 1:
வைப்பாட்டியைக் குறிக்கும் 'கான்கியூபைன்' இருக்கிறதே, அதன் உறவுச் சொல் என்று நினைக்கிறேன். அதனால்தான் காமம்.

பதில் 2:
இல்லை நண்பரே, காதுக்குத்தான் ஒரே மாதிரி. கான்கியூபைனின் வேர் லத்தீன் 'கூபாரே', படுத்தல். முட்டையை அடைகாக்கும் இன்குபேட்டர்கூட அதன் வழிதான். நீங்கள் கேட்டதன் வேர் 'குபெரே', விரும்புதல். ரோமர்களின் மன்மதன் க்யூபிட் பெயரும், பணத்தாசையைச் சொல்லும் 'க்யூபிடிட்டி'யும் அதிலிருந்து வந்தவை. முன்னால் உள்ள 'கான்' அழுத்தத்துக்கு. நடுவில் லத்தீனில் ஒரு 'ஸ்க்' வரும், ஒன்று தொடங்குவதைக் காட்டும். வளரத் தொடங்கும் பருவமான 'அடோலசென்ஸ்' சொல்லிலும் அதேதான். ஆக, தீ மூண்டது என்கிறோமே, அப்படி ஆசை மூளுதல்.

பதில் 3:
மேலே சொன்னது சரி. லத்தீன் பைபிளில் 1 யோவான் 2:16 பாருங்கள், மாம்சத்துக்கும் கண்களுக்கும் இதே சொல்தான். தமிழில் 'மாம்சத்தின் இச்சையும், கண்களின் இச்சையும்' என்று அழகாக உட்கார்ந்திருக்கிறது. ரோமரில் கிரேக்க மூலச்சொல் 'எபிதுமியா'. எனக்கு மிகவும் பிடித்த இடம் லூக்கா 22:15, யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தைச் சீடர்களோடு உண்ண மிகவும் ஆசையாயிருந்தேன் என்று இயேசு சொல்கிறார், அங்கேயும் கிரேக்கத்தில் எபிதுமியாதான்! அப்புறம் பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் இந்த லத்தீன் சொல்லை உடலின்பத்தோடு சேர்த்து நிறைய எழுதினார், அந்த வாடை இன்றுவரை போகவில்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில், ஞானஸ்நானம் பெற்றவரிடமும் இது இருக்கும், பாவத்தின் பக்கம் இழுக்கும், ஆனால் இதுவே பாவம் ஆகாது என்று தெளிவாகவே சொன்னது.

கேட்டவர்:
மிக்க நன்றி. தமிழ் பைபிளை எடுத்துப் பார்த்தேன், ரோமரில் 'சகலவித இச்சைகளையும்' என்றுதான் இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:5-இல், உடலாசையே பேச்சான இடத்தில், 'மோக இச்சை'. என் குறிப்பேட்டில் 'காமம்' என்பதை அடித்துவிட்டு 'இச்சை' என்று எழுதிக்கொண்டேன்.