ஜேஎம்எக்ஸ்: லோக்கலில் இணையுது, சர்வரில் தொங்குது – உங்கள் அனுபவம் என்ன?

போர்ட்_7199:
ஜேஎம்எக்ஸ் (ஓடுகிற ஜாவா ப்ரோக்ராமை வெளியிலிருந்து கண்காணிக்கும் வசதி) வழியாக ஜேகன்சோல் (ஜேடிகே என்ற ஜாவா தொகுப்போடு வரும் கண்காணிப்புக் கருவி) சர்வரோடு இணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். போர்ட் ஒன்றல்ல, இரண்டு. ஜேஎம்எக்ஸ்ரிமோட் போர்ட் 9010 என்று கொடுப்பது ஆர்எம்ஐ (ஜாவாவின் தொலைதூர அழைப்பு முறை) ரெஜிஸ்ட்ரிக்கு மட்டும்தான். ரெஜிஸ்ட்ரி கிளையண்டை வேறொரு போர்ட்டுக்கு அனுப்பிவிடும். அதை நாம் சொல்லாவிட்டால் ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் இயந்திரம்) ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கைக்கு வந்த போர்ட்டை எடுத்துக்கொள்ளும், ஃபயர்வாலில் மாட்டும். ஜேஎம்எக்ஸ்ரிமோட் ஆர்எம்ஐ போர்ட்டையும் அதே 9010 ஆக வைத்தால் தீர்ந்தது.

டாக்கரில் இன்னொரு சிக்கல். கன்டெய்னர் தன் உள் ஐபியைக் கிளையண்டிடம் கொடுக்கும், வெளியிலிருந்து அதை எட்டவே முடியாது. ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேமை 127.0.0.1 ஆக வைத்து, எஸ்எஸ்ஹெச் டன்னல் போடுங்கள். டன்னலின் இரு பக்கமும் கன்டெய்னரிலும் அதே 9010 இருக்க வேண்டும். எண் மாறினால் ரெஜிஸ்ட்ரி வரை போய் அங்கேயே நிற்கும்.

பூட்டு_சாவி:
டன்னல் சரி. ஆனால் ஆதென்டிகேட் ஃபால்ஸ் (பாஸ்வேர்ட் கேட்காதே) போட்டு எல்லா முகவரிக்கும் திறந்துவிடாதீர்கள். போர்ட்டை எட்டுகிறவர் ஹீப் டம்ப் (ப்ரோக்ராமின் நினைவகத்தின் முழு நகல்) எடுக்கலாம். பழைய ஜேடிகே என்றால் வெளியிலிருந்து கோடையே ஏற்றி ஓட்டலாம். பாஸ்வேர்ட் ஃபைல் வைத்தால் ஜேவிஎம்மை ஓட்டும் யூசரே அதற்கு ஓனர், அனுமதி 600. குழுவுக்கோ மற்றவர்க்கோ படிக்கும் உரிமை இருந்தால் ஜேவிஎம் எழும்பவே எழும்பாது. டாஷ்போர்டுக்கு ரீட்ஒன்லி போதும்.

ஏற்கெனவே ஓடுகிற ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஜேசிஎம்டியில் (ஓடும் ஜேவிஎம்முக்கு ஆணை அனுப்பும் கருவி) மேனேஜ்மென்ட்ஏஜென்ட் ஸ்டார்ட் கொடுத்தால் அப்போதே ஜேஎம்எக்ஸ் போர்ட் திறக்கும், ஸ்டாப் கொடுத்தால் மூடும். பலருக்கு இது தெரியவில்லை, ஆச்சரியம்தான்.

பீன்_பதிவர்:
சொந்த பீன் (ஜேஎம்எக்ஸ் வழியே மதிப்புகளைக் காட்டும் ஆப்ஜெக்ட்) எழுதுகிறவர்களுக்கு: கிளாஸ் பெயர் கியூ என்றால் இன்டர்ஃபேஸ் பெயர் கியூஎம்பீன், அதே பேக்கேஜ், பப்ளிக். எழுத்து பிசகினால் நாட்கம்ப்ளையன்ட் எக்ஸெப்ஷன். எம்எக்ஸ்பீன் என்று முடித்தால் கிளாஸ் பெயர் எதுவாகவும் இருக்கலாம்; உங்கள் கிளாஸ்கள் கிளையண்டின் கிளாஸ்பாத்தில் இல்லாமலே சிக்கலான மதிப்புகளும் படிக்கக் கிடைக்கும். நான் பழைய எம்பீன் முறையைத் தொடுவதே இல்லை.

கெட்டருக்குள் (பீனின் மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட்) டேட்டாபேஸ் க்வெரி வேண்டவே வேண்டாம். ஜேகன்சோல் 4 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், பார்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக. லாங்ஆடரில் (ஜாவாவின் எண்ணிக்கை கிளாஸ்) எண்ணி வைத்து அதைத் திருப்பிக் கொடுங்கள்.

டாம்கேட் வெப்சர்வரில் அன்டிப்ளாய் ஆகும்போது அன்ரெஜிஸ்டர் செய்ய மறந்தால், மறுபடி டிப்ளாய் செய்யும்போது இன்ஸ்டன்ஸ்ஆல்ரெடிஎக்ஸிஸ்ட்ஸ் வரும். கண்ணுக்குத் தெரியும் என்பதால் அது பரவாயில்லை. ஆனால் பீன்சர்வர் பழைய பீனைப் பிடித்திருப்பதால் அந்த வெப்ஆப்பின் கிளாஸ்லோடரும் போகாது. நாலைந்து டிப்ளாய்க்குள் மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் தங்கும் நினைவகம்) வீங்கும்.

காஃப்கா_காவல்:
ஜேஎம்எக்ஸ் போர்ட்டை என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்த காஃப்கா (செய்திகளைச் சேமித்துக் கடத்தும் சர்வர்) கன்டெய்னருக்குள் போய் டாபிக்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் "போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று விழும். அந்த ஸ்கிரிப்டும் ஒரு ஜேவிஎம், அதே வேரியபிளை எடுத்து அதே போர்ட்டைக் கேட்கிறது. அன்செட் செய்துவிட்டு ஓட்டுங்கள். ப்ரோமீதியஸ் (அளவீடுகளைச் சேகரிக்கும் கருவி) எக்ஸ்போர்ட்டர் வைத்திருந்தால் வேண்டிய பீன்களை மட்டும் வடிகட்டுங்கள். பார்ட்டிஷன் வாரியாக எல்லாவற்றையும் இழுத்தால் ஸ்க்ரேப் டைம்அவுட் ஆகும். காஃப்காவில் முதலில் பார்க்க வேண்டியது அண்டர்ரெப்ளிகேட்டட் பார்ட்டிஷன்ஸ் (நகல்கள் குறைவாக உள்ள பகுதிகளின் எண்ணிக்கை). 0-ஐத் தாண்டி நின்றால் விசாரியுங்கள்.

குவியல்_கணக்கு:
ஹீப் 90% என்று அலர்ட் வைப்பதில் அர்த்தமில்லை, ஜிசிக்கு (பயனற்ற ஆப்ஜெக்ட்களை நீக்கும் வேலை) முன் அது ஏறத்தான் செய்யும். ஓல்ட் ஜென் பூலின் (நெடுநாள் வாழும் ஆப்ஜெக்ட்கள் தங்கும் பகுதி) கலெக்ஷன்யூசேஜைப் பாருங்கள், ஜிசிக்குப் பிறகு மிஞ்சியது அதுதான். சில பழைய ஜேடிகேகளில் ஜி1 (ஒரு ஜிசி வகை) என்றால் ஃபுல் ஜிசி வரும்வரை அந்த எண் அசையாது, ஏமாந்துவிடாதீர்கள்.

ஹாட்ஸ்பாட் டயக்னாஸ்டிக் பீனில் டம்ப்ஹீப் அழைக்கும்போது லைவ் ட்ரூ என்றால் முதலில் ஃபுல் ஜிசி ஓடும். டம்ப் எழுதி முடியும்வரை ஆப் உறையும், எனவே லோட் பேலன்ஸரிலிருந்து கழற்றிவிட்டு எடுங்கள். ஃபைல் சர்வரின் டிஸ்கில்தான் விழும், உங்கள் மெஷினில் அல்ல. 8 ஜிபி ஹீப் நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட அதே அளவு இடம் வேண்டும். அதே பெயரில் ஃபைல் இருந்தால் எழுதாது, பெயர் ஹெச்ப்ராஃப் என்று முடியாவிட்டாலும் எழுதாது.