எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டு அம்மாவுக்கு சோடியம் குறைகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 71 வயது, எங்களோடு பெரம்பூரில் இருக்கிறார். அப்பா போன பிறகு தூக்கம், சாப்பாடு எல்லாம் விட்டுப்போய், ஜூன் மாதம் மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். மாத்திரை மனசுக்கு நன்றாகவே கேட்டது. வாசலில் திரும்பக் கோலம் போட ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம் தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம். ஒரு நாள் காலை என்னையே "யாருப்பா நீ?" என்று கேட்டுவிட்டார். பக்கவாதமோ என்று பதறி ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சோடியம் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145. இந்த வகை மாத்திரை சிலருக்கு உடம்பில் தண்ணீரைத் தேக்கி சோடியத்தை இறக்கிவிடுமாம். வயதான பெண்களுக்கு, அதுவும் பிபிக்குத் தயாசைடு (சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரை) சாப்பிட்டால், ஆபத்து கூடுதல். அம்மா பல வருஷமாக அந்த வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதயாசைடு சாப்பிட்டு வந்தார். மாத்திரை எழுதும்போதே ஒரு சோடியம் டெஸ்ட் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

டாக்டர் சொல்படி பிபி மாத்திரையை அம்லோடிபினுக்கு மாற்றினோம், தண்ணீரை அளந்து கொடுத்தோம், எஸ்சிட்டலோபிராம் டோஸை 5 மி.கி. ஆக்கினோம். சோடியம் 132 வரை ஏறி, மறுபடி 127. மாத்திரையை மெதுவாக நிறுத்தியதும் 137. ஆனால் அம்மா பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார், சாப்பிட மறுக்கிறார்.

இப்போது டாக்டர் மிர்டாசபைன் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரை தரலாம் என்கிறார், அதில் இந்தச் சிக்கல் குறைவாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி சோடியம் குறைந்து மிர்டாசபைனுக்கு மாறியிருந்தால், அதன் பிறகு சோடியம் நிலையாக நின்றதா?