சின்னம்மா விடியவே போய்ப் போட்ட வாக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

சனிக்கிழமை இரவு முழுக்க நான் குசினி மேசையை விட்டு எழும்பவில்லை. ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் கறிவேப்பிலைச் சாடி. ஊரில் அப்போது ஞாயிறு காலை. 2019 கார்த்திகையில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் முடிவு தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருந்தது. போன கிழமை ரொறன்ரோவில் ஸ்னோ கொட்டியபோதுதான் கவனித்தேன், உள்ளே எடுத்து வைத்த கறிவேப்பிலையில் செதிள் பூச்சி பிடித்திருக்கிறது. பழுப்பு நிறத்தில், எள்ளைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல, காம்பு முழுக்க. பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு காம்பாகத் துடைத்தேன். நாலு காம்பு துடைப்பது, பிறகு திரையைப் பார்ப்பது. கைக்கு ஏதாவது வேலை இல்லாமல் அந்த இரவைக் கழித்திருக்கவே முடியாது.

இரண்டு மணி போல மகன் கீழே இறங்கி வந்தான். திரையை எட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேத்திலில் தண்ணீர் வைத்து, தேத்தண்ணி போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். அவன் இங்கே பிறந்தவன். ஊரை இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறான்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். கோட்டாபய ராஜபக்சவுக்கு 52.25 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 41.99 வீதம். வித்தியாசம் 13 லட்சத்து 60 ஆயிரம் வாக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் பார்த்தால் சஜித்துக்கு 83.86 வீதம், கோட்டாபயவுக்கு ஆறு வீதம் சொச்சம். வன்னியும் மட்டக்களப்பும் ஏறக்குறைய அதே மாதிரி. நிறம் தீட்டிய வரைபடம் ஒன்றைப் பலர் அனுப்பியிருந்தீர்கள். வடக்கு, கிழக்கு, மலையகத்தில் நுவரெலியா, இவ்வளவும் ஒரு நிறம். மீதி நாடு முழுக்க இன்னொரு நிறம். அந்தப் படத்தை என்னால் கன நேரம் பார்க்க முடியவில்லை. நாங்கள் விரும்பியவர் தோற்றதைக்கூடத் தாங்கலாம். ஒரே நாளில் ஒரே சீட்டில் புள்ளடி போட்ட சனங்கள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதைப் பார்க்கத்தான் வயிற்றைப் பிசைந்தது. திங்கட்கிழமை அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய என்ற பௌத்த தாதுகோபத்துக்கு முன்னால் கோட்டாபய பதவியேற்றார். சிங்கள மக்களின் வாக்கை வைத்தே வெல்லலாம் என்று தெரிந்திருந்தது, தமிழரையும் முஸ்லிம்களையும் சேரும்படி கேட்டும் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை என்று அங்கே பேசினார். அதைக் கேட்டபோது எனக்கு வரைபடம்தான் திரும்பவும் கண்ணுக்குள் வந்தது.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாகக் குழுவில் வந்த மடல் எல்லாவற்றையும் வாசித்தேன். கோபம் நியாயம், பயமும் நியாயம். லண்டன் அண்ணையின் மடலில் இருந்த ஒரு வரி மட்டும் எனக்குள் முள்ளாய்க் கிடக்கிறது. “எங்கட சனம் வாக்கை வீணாக்கிப் போட்டுது, பேசாமல் வீட்டிலை இருந்திருக்கலாம்” என்று எழுதியிருந்தீர்கள். அண்ணை, ஊரில் ஒரு அலுவல் என்றால் முதல் ஆளாகக் காசு போடுகிறவர் நீங்கள். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் தனி மடல் போடாமல் எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்கிறேன்.

என் சின்னம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வருத்தம், தடி இல்லாமல் நடக்க மாட்டார். வாக்களிப்பு காலை ஏழு மணிக்குத் தொடக்கம். ஏழுக்கு முன்னமே பக்கத்து வீட்டுப் பெடியனின் ஓட்டோவில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார். இந்த முறை 35 வேட்பாளர்கள், சீட்டு இரண்டு அடிக்கும் மேலே நீளம். “பாய் மாதிரி நீட்டுக் கடதாசி பிள்ளை” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரலை வைத்து இறங்கி, சஜித்தின் அன்னச் சின்னத்தைக் கண்டுபிடித்து, நேராகப் புள்ளடி போட்டாராம். கோட்டில் முட்டினால் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து இரண்டு தரம் பார்த்தாராம். பிறகு அதை மடித்துப் பெட்டிக்குள் போடப் பட்ட பாடு தனிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தவுடனே அவரைத்தான் தொலைபேசியில் எடுத்தேன். ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்து எடுத்தேன், எனக்குத்தான் பேச்சு வரவில்லை. “ஏன் பிள்ளை, அங்கை விடியேல்லைத்தானே, நித்திரை கொள்ளேல்லையே?” என்று கேட்டார். தோற்றுப்போனோமே சின்னம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தோத்தது தெரியும். ஆனா எங்களுக்கு என்ன வேணும், என்ன வேண்டாமெண்டு இப்ப அவைக்கும் தெரியும்தானே” என்றார். அதற்குப் பிறகு பேச்சு பனம்பாத்திக்கு, பனங்கிழங்குக்குக் கொட்டை புதைத்த பாத்திக்கு, போய்விட்டது. மழை பிடித்துவிட்டதாம், பாத்தியில் ஒரு பக்கம் தண்ணீர் நிற்கிறதாம், வாய்க்கால் வெட்டிவிட ஆள் கிடைக்கவில்லையாம். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். பத்து நிமிடம் அதைத்தான் கதைத்தோம்.

அண்ணை, அந்த மனுசியிடம் போய் உங்கள் வாக்கு வீண் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு அக்காவும் போட்டார். அவரை உங்களில் பலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். 2009 மே மாதம் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் உட்காரத் தொடங்கினார்களே, அங்கே பஸ் எடுத்து மாதம் ஒரு தரமாவது போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு, மழை படாமல் மடியில் வைத்திருப்பார். அந்தக் காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபயதான் இந்தத் தேர்தலில் ஜனாதிபதியானார். இனி யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த அக்கா சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறார். சின்னம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அந்த அக்கா வீட்டில் இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாயே வராது.

வீட்டில் இருந்து பார்த்ததும் நடந்த கதைதானே. 2005 கார்த்திகை ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். புறக்கணிப்பு என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் பேர் பதிந்திருந்தும் போட்டது 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச வென்றது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்கால். எதிர்த்து நின்ற ரணில் விக்கிரமசிங்க வென்றிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வருடம் ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடியபோது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது வாக்குப் போடாத அதே சனம்தான். போடாமல் இருந்ததால் யாரும் தப்பவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். எங்களில் அரைவாசிப் பேர் குடியுரிமை மாறிவிட்டோம். இலங்கைக் கடவுச்சீட்டை விடாமல் வைத்திருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்து வாக்குப் போட வழி இல்லை. இங்கே சூடாக்கி போட்ட வீட்டுக்குள் இருந்துகொண்டு, அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. 1990இல் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருக்கிற முஸ்லிம் சனம் இந்தத் தேர்தலுக்கும் மன்னாருக்கு வந்துதான் வாக்குப் போட்டது. அன்றைக்கு அவர்கள் வந்த பஸ்களுக்குத் தந்திரிமலையில் வைத்துச் சுட்டார்கள். சுட்ட பிறகும் அவர்கள் போய்ப் போட்டார்கள். வீண் என்ற சொல்லை எடுக்கும்போது இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் கூரைக் காசு. சனசமூக நிலையத்துக் கூரைத் தகடு மாற்றுவதற்கு அனுப்புவதென்று புரட்டாதியில் முடிவெடுத்தோம். இப்போது இரண்டு பேர், நிலைமை தெரியும்வரை பொறுப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் காசு வாங்கினார்கள் என்று நிலையத்துப் பெடியளை யாராவது விசாரிக்கக்கூடும் என்ற கவலையை நான் தட்டிக் கழிக்கவில்லை. அப்படி நடந்த காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதை இங்கிருந்து நாங்களாகவே முடிவு செய்யாமல் அவர்களையே கேட்போம். நேற்றுக் காலை நிலையத்துச் செயலாளரோடு கதைத்தேன். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள், நிலையத்தின் பெயரில் பற்றுச்சீட்டுத் தருகிறோம், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்றார். பத்திரிகை வாசிக்கிற நீள மேசைக்கு நேர் மேலே ஒழுகுகிறதாம். மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வாளி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் படிக்க வருகிற பிள்ளைகள் அந்த வாளியைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். மாரி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. என் பங்கை இன்றைக்கே அனுப்புகிறேன். மற்றவர்களும் இந்தக் கிழமைக்குள் பொருளாளருக்கு ஒரு வரி போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பலாலியில் இருந்து சென்னைக்கு இந்த மாதம்தான் விமானம் ஓடத் தொடங்கியது. அந்த வழியால் தை மாதம் போவதற்கு இருந்த இரண்டு குடும்பங்கள் இப்போது யோசிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறபடியால் அவர்களைப் போ என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். நான் போகிறேன், ரிக்கெற் போட்டாயிற்று.

கடைசியாக மெல்பேர்ன் தங்கச்சிக்கு. இந்த நேரத்தில் செடி, தையல், பழைய படம் என்று குழுவில் எழுதுவது சரியா அக்கா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். வேறு சிலருக்கும் அந்தக் கேள்வி இருக்கலாம் என்பதால் இங்கேயே சொல்கிறேன். எழுதுங்கள். முடிவு கேட்ட அன்றைக்குச் சின்னம்மா பனம்பாத்தியைப் பற்றித்தான் கதைத்தார். சுவிஸ் தம்பி வெள்ளிக்கிழமை ஒரு பழைய வானொலிப் பெட்டியின் படம் போட்டிருந்தார். பச்சைக் கண் திரும்பவும் எரிகிறது என்று எழுதியிருந்தார். அந்தச் சின்னப் பச்சை வெளிச்சத்தை இருபது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். எங்கள் பெரியப்பா வீட்டு விறாந்தையில் இருந்ததும் அதே பெட்டி. நிலையம் சரியாகப் பிடித்தால் கண் ஒடுங்கும், விலகினால் விரியும். மாலைச் செய்திக்கு அரை ஒழுங்கையே அங்கேதான் கூடும். தம்பி, அந்த மடலுக்கு ஒருவரும் பதில் போடவில்லை என்பதை இப்போதுதான் கண்டேன், குறை நினைக்க வேண்டாம். வலது பக்கக் குமிழ் இல்லாமல் இருக்கிறதே, வேறு பெட்டியில் இருந்து எடுத்துப் போடப் போகிறீர்களா?

தங்கச்சி, உங்கள் கறிவேப்பிலைக்குச் சாடி மாற்றும் விஷயம். உங்களுக்கு இப்போது கோடை தொடங்குகிறது, சாடி மாற்ற நல்ல நேரம். ஒரேயடியாகப் பெரிய சாடிக்குப் போகாதீர்கள். இப்போது இருப்பதைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும், இல்லாவிட்டால் மண் ஈரம் பிடித்து வேர் அழுகும். நுனியில் மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை செழிக்கும். குளிர்நாட்டுக்காரருக்கு இதில் எல்லாம் எதிர்மாறு. வெளியே இரவு பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன்னமே உள்ளே எடுத்துவிட வேண்டும். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பங்குனி வரை பசளை வேண்டாம். இலை கொட்டினால் செத்துப்போனது என்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. செதிள் பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தது ஒரு தரம் போதாது. குஞ்சுகள் பிறகும் வரும். கிழமைக்கு ஒரு தரம் என்று ஒரு மாதமாவது துடைக்க வேண்டும். நான் நேற்று இரண்டாம் தரம் துடைத்தேன். இலையின் பிசுபிசுப்பு முக்கால்வாசி போய்விட்டது.

இன்று காலை சின்னம்மாவை எடுத்தேன். நிலையத்துப் பெடியள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்களாம். தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு மூலை மட்டும் அழுகியிருக்கும் போலிருக்கிறதாம், மீதி தைப்பொங்கலுக்குப் பிறகு கிண்டலாம் என்றார்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து உங்கள் அக்கா