கப்பலேறிப் போனவர்களின் ஊரைத் தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

பழைய விஏஓ

நான் வந்தவாசிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று வருகிறவர்களைப் பார்த்தே காலம் ஓடிவிட்டது. ஒரு ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும், தமிழ் தெரியாது. கூட்டி வந்த டாக்சி டிரைவர்தான் துபாஷி. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாளை வைத்திருந்தார்கள்.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல் நகல் அது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்கிற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பட்டியலில் ஒரு வரி. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இவர்கள் தேடிய கொள்ளுத்தாத்தாவுக்கு "இடது கன்னத்தில் தழும்பு" என்று போட்டிருந்தது. அந்த அம்மா எனக்கு முதலில் காட்டியது அதைத்தான், ஊர்ப் பெயரை அல்ல. அவருடைய படம் எதுவும் வீட்டில் இல்லையாம்.

அந்த எண் இல்லாவிட்டால் தாளே கிடைத்திருக்காது. பழைய கல்யாணப் பதிவு ஒன்றில், பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கிறார்கள். பெயரை வைத்துத் தேடியிருந்தால் முனுசாமிகளிலும் கோவிந்தன்களிலும் மூழ்கிப் போயிருப்பார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது கணவர் ஒன்று சொன்னார். பெரியவர் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பவில்லை, தனியாக விவசாயமும் பார்க்கவில்லை. மறுபடியும் அதே தோட்டத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். "அடி உதை என்று கதை சொன்னவர், ஏன் திரும்ப அங்கேயே போனார்" என்று வீட்டில் எல்லோருக்கும் நெடுநாள் குழப்பமாம். பிறகுதான் 1895 சட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கப்பலேற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருடத்துக்கு 3 பவுன் வரி. பெரியவர் போனது 1890களின் கடைசியில். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், பவுனுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது ஆறு மாதச் சம்பளம். பிற்பாடு 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்ணுக்கும்கூட அந்த வரியைப் போட்டார்கள். 1914இல்தான் எடுத்தார்கள். அதன் பிறகே இவர்கள் குடும்பம் வெருலம் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து, காய்கறியும் சோளமும் போட்டு, கடைசியில் சொந்தமாகக் கரும்பு வைத்திருக்கிறது.

சரி, ஊருக்கு வருகிறேன். ஜில்லா வட ஆற்காடு. தாணா "வாண்டிவாஷ்", அதாவது நம் வந்தவாசி. கிராமப் பெயர்தான் யாருக்கும் பிடிபடவில்லை. நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்துத் தோற்றேன். கடைசியில் டிரைவரிடம், "தம்பி, யோசிக்காம சத்தமா நாலு தரம் படி" என்றேன். மூன்றாவது தரத்திலேயே ஊர் காதில் விழுந்துவிட்டது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். நாமும் காதால்தான் படிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெயரில் கீழ் ஒன்று, மேல் ஒன்று என இரண்டு ஊர். குமாஸ்தா முன்னால் இருந்ததை விட்டுவிட்டான். சாதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால் இரண்டு ஊரிலும் அதே தெரு இருக்கிறது. அப்போது அந்த அம்மா தன் பையில் இருந்து வம்சாவளித் தாளை எடுத்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பையனுக்கு பச்சையப்பன் என்றே பெயர். தமிழே போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. பச்சையம்மன் கோயில் இருப்பது மேல் ஊரில். அங்கே கூட்டிப் போனேன்.

நாங்கள் போன நேரம் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு "போரிட்ஜ் பிரேயர்!" என்று கத்தினார். டர்பனிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம், அதற்கு அங்கே அதுதான் பெயர். சொம்பில் வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். யாரும் சொல்லித்தரவில்லை.

ஊர்க்காரர்கள் பக்கம் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கூடவே விஏஓ வருகிறார், கையில் தாள் வேறு. ஒருவர் என்னைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டார்: "சார், நெலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்களா?" அவரைச் சமாதானப்படுத்த ஒரு டீ ஆகும் நேரம் ஆனது.

கடைசியில் ஒரு பாட்டி, தன் மாமியார் வீட்டு வகையறாவில் ஒருவர் கரும்புக் காட்டு வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று சொன்னார். எந்த நாடு என்று கேட்டால் "மோரீசு" என்கிறார். மோரீசு என்றால் மொரீஷியஸ். ஆக அவர்தான் இவரா, இல்லை வேறு ஒருவரா? சான்று கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். இதற்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பால்மரம்

வணக்கம் ஐயா. மலேசியாவின் பேராக்கிலிருந்து எழுதுகிறேன். நேட்டால்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கு அப்படிப் பட்டியலும் இல்லை, அதில் ஒரு வரியும் இல்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது, அப்புறம் எல்லாம் கங்காணி, அதாவது ஆள் பிடிக்கும் மேஸ்திரி, வழிதான். கங்காணி தன் ஊருக்குப் போவார், தெரிந்த நாலு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். என் தாத்தா ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். அவ்வளவுதான் தெரியும்.

தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) எழுதிய பேர்ப் பட்டியல் இருந்திருக்கும். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் இருந்த லயன் வீடுகளை இடித்தபோது அதெல்லாம் எங்கே போனதோ. கேட்டுப் போன இடத்தில் "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு" என்றார்கள்.

நான் பிடித்த வழி வேறு. எங்கள் தாத்தாவோடு ஒரே பெரட்டில் (காலையில் பேர் கூப்பிடும் வரிசையில்) நின்றவர்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதினேன். ஏழு குடும்பம் தேறியது. ஒரே கங்காணி கூட்டி வந்தால் ஒரே சுற்று வட்டாரமாகத்தானே இருக்கும்? அதில் ஒரு குடும்பம் மட்டும் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தது. ரசீதில் துறையூர் தபாலாபீஸ். எங்கள் ஊரும் அங்கேதான் பக்கத்தில் இருந்தது. சொந்தம் யாரும் கிடைக்கவில்லை. ஏரி ஒன்று இருந்தது, தாத்தா சொன்ன மாதிரியே கரையில் பனை மரங்கள்.

மோக்கா ரோடு

நான் மொரீஷியஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். உடன் பணிபுரிந்த ஒருவர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். குடியேறியவர்களின் பழைய பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. 1834இலிருந்து வந்தவர்களின் கணக்கு. பிந்தைய காலத்தில் வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு.

அவர் எதிர்பார்த்தது தாத்தாவின் தாத்தாவை. ஆனால் வந்தது ஒரு பெண்ணின் படம். தனியாக, இரண்டு வயதுக் குழந்தையோடு கப்பலேறிய பாட்டி. கணவர் பெயருக்கான இடம் காலி. வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த "குடும்பத்தோடு வந்தார்கள்" என்கிற கதை அந்த இடத்திலேயே முடிந்தது. படியை விட்டு இறங்கும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "இதை அம்மாவிடம் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார். என்ன சொல்வது? சொல்லுங்கள் என்றேன். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பட்டியலில் இருக்கிற பெயரையும் சாதியையும் அப்படியே நம்பலாமா? வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஓடியவன், கடன்காரனுக்குப் பயந்து போனவன் எல்லாம் உண்மைப் பெயரையா கொடுத்திருப்பான்? நேட்டாலில் கவுண்டர் கோவெண்டர் ஆகி, முதலி மூட்லி ஆகி, சாதிப் பட்டமே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. கப்பலில் ஏறும்போதே ஒருவன் பட்டத்தை மாற்றியிருந்தால் இன்றைய பேரன் தேடிக்கொண்டு வருவது வேறு தெருவுக்கு.

பழைய விஏஓ

நியாயமான கேள்வி தம்பி. அதனால்தான் சாதிக் கட்டத்தை நான் கடைசியில் பார்ப்பேன். பெயரில் பொய் சொல்லலாம், தழும்பில் சொல்ல முடியாது. தாணாவில் சொல்பவர்களும் குறைவு. வாய் தானாகப் பழகிய ஊரைத்தான் சொல்லும்.

மோக்கா ரோடு எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பாட்டி சொன்ன "மோரீசு" நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடாதீர்கள். 1911க்கு முன் திருவண்ணாமலை தென் ஆற்காட்டில் இருந்தது, திருப்பத்தூர் சேலத்தில் இருந்தது, சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது. சேலம் ஜில்லா என்று தாளில் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் நாலு நாள் ஓமலூரைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. தாணா என்ன என்று கேட்டேன். "டிரிப்பட்டூர்" என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது கையில் ஒன்று இருக்கிறது, யாராவது உதவுங்கள். ஜில்லா தென் ஆற்காடு, தாணா "டிண்டிவானம்", அதில் சிக்கல் இல்லை. கிராமம் "வெல்மோடு" மாதிரி ஏதோ. போனது ஒரு பெண், வயது 19, வலது முழங்கையில் சூடு பட்ட அடையாளம். வேல்மேடு, வெள்ளிமேடு, வேலமேடு என்று மூன்றையும் யோசித்துவிட்டேன்.

பால்மரம்

ஐயா, சத்தமாக நாலு தரம் படித்துப் பார்த்தேன். திண்டிவனம் பக்கம் வெள்ளிமேடுபேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறதே, அதில் பேட்டையை விட்டுவிட்டானோ?