போர்க்காலப் பகடி நாட்குறிப்புகளுக்குப் பீப்ஸின் நடை ஏன்?

கேள்வி

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல், ‘இளைய சாமுவேல் பீப்ஸ்’ என்ற புனைபெயரில் ஆர். எம். ஃப்ரீமன் எழுதிய பகடி நாட்குறிப்பு லண்டனில் நூலாக வெளிவந்தது. 1917இலும் 1919இலும் அதன் தொடர்ச்சிகளும் வந்தன. நாளேடுகளில் மாண்ட வீரர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போன அந்நாட்களில், இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கில அரசு அலுவலரும் நாட்குறிப்பாளருமான சாமுவேல் பீப்ஸின் நடையை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? பழைய மொழியைக் கேலி செய்வதுதான் நோக்கமா?

மறுமொழி 1

மொழியைவிட, அதை எழுதிய மனிதரே காரணம் என்று கருதுகிறேன். 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய பீப்ஸ், டச்சுக்காரர்களோடு போர் நடந்தபோது கடற்படை அலுவலகத்தில் பொறுப்பில் இருந்தவர். 1667 ஜூனில் எதிரிக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் நுழைந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்தபோது, அவர் தம் மனைவியையும் தந்தையையும் சுமார் 1,300 பவுண்டு மதிப்புள்ள தங்கத்துடன் பிராம்ப்டன் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, மேலும் 300 பவுண்டுக்கான பொற்காசுகளை அரைக்கச்சையில் வைத்துத் தம் உடலோடு கட்டிக்கொண்டார். அங்கே தோட்டத்தில் புதைக்கப்பட்ட அந்தத் தங்கத்தை அக்டோபரில் இரவு விளக்கொளியில் தோண்டியபோது பைகள் மக்கிக் காசுகள் சிதறியிருந்ததால், மண்ணை வாளிகளில் அள்ளிச் சலித்தெடுத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நாட்டுக்கு நேர்ந்த அவமானமும் தம் பணத்தைப் பற்றிய பதற்றமும் ஒருசேர வெளிப்படும் இந்தக் குரல், 1916இன் லண்டன்வாசிக்கு எவ்வளவு நெருக்கமாக ஒலித்திருக்கும்!

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடையின் பங்கையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பேரழிவையும் இரவு உணவையும் ஒரே வாக்கியத்தில் சம எடையோடு வைப்பது பீப்ஸின் இயல்பு. பகடி எழுதுபவர் பற்றிக்கொள்வது பழைய எழுத்துக்கூட்டலை அன்று, இந்த வரிசைமுறையைத்தான். 1893 முதல் வீட்லி பல தொகுதிகளாகப் பதிப்பித்த பீப்ஸின் நாட்குறிப்பால் படித்தவர்களுக்கு அந்தத் தொனி நன்கு பழகியிருந்தது. இன்னொன்றும் உண்டு: 1914இன் நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மக்களிடையே அதிருப்தி பரப்பும் எழுத்து குற்றமாகக்கூடும். தேசப்பற்றை உரக்கப் பேசிக்கொண்டே தன் வசதியைக் காத்துக்கொள்ளும் மேல்தட்டு மனிதரை நேரே சாடுவதைவிட, அவரே தம் வாயால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாக எழுதுவது கூர்மையானது, பாதுகாப்பானதும் கூட.

மறுமொழி 3

போர்முனையையும் மறக்கக் கூடாது. பெல்ஜியத்தின் ஈப்ர நகர இடிபாடுகளில் கிடைத்த அச்சு இயந்திரத்தைக் கொண்டு, கேப்டன் ராபர்ட்ஸும் லெப்டினன்ட் பியர்சனும் 1916 பிப்ரவரியில் தொடங்கிய வீரர்களின் இதழிலும் பீப்ஸ் பாணி நாட்குறிப்பு இடம்பெற்றது. எழுத்துருக்கள் போதாமல் பக்கம் பக்கமாகக் கோத்து, அச்சிட்டுப் பிரித்து, மறுபடி கோத்தார்கள். லண்டன் நூலில் பீப்ஸின் தன்னலம் நகைப்புக்கு இலக்காகிறது; பதுங்குகுழியிலோ அவருடைய அமைதியான அன்றாடத் தொனி, சேற்றையும் குண்டுமழையையும் தாங்கிக்கொள்ளும் வழியாகவே மாறிவிடுகிறது. என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1

பீப்ஸின் 1667 ஜூன் மாதப் பதிவுகளை முதலில் படியுங்கள். அதன்பின் ஃப்ரீமனை எடுத்தால், அவர் எங்கே மிகைப்படுத்துகிறார், எங்கே அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று என்பது தெளிவாகப் புலப்படும்.